ஒரிஜினல் ஓட்டை

வேலு கம்பெனிக்குத் தர வேண்டியது நாற்பத்தேழு வெள்ளி அறுபது காசு.

இதில் பதினெட்டு வெள்ளி, லோரியோடு கூடவே பிறந்த போன் சார்ஜ் பாயிண்டின் விலை. இருபத்தைந்து வெள்ளி, அதைத் திரும்பப் பொருத்துவதற்கான கூலி. மீதி நாலு வெள்ளி அறுபது காசு, பொருத்தி முடித்ததும் அதன் ஓரத்தில் ஒட்டப்போகிற ‘இது தொடப்படவில்லை’ என்ற ஸ்டிக்கருக்கு.

கம்பெனி பெரிய கம்பெனி. பட்டர்வொர்த் கிடங்கிலிருந்து தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை ஏற்றி, பாலத்தைத் தாண்டி, தீவு முழுக்கக் கடை கடையாக இறக்குவது அதன் தொழில். அது வெளியே தெரிகிற தொழில். உள்ளே அது செய்துகொண்டிருந்த தொழில், எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது. அதற்கென்றே வாகன ஒழுங்குப் பிரிவு என்று ஒன்று டவுனில், பழைய வங்கிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. லோரிகள் அந்தப் பக்கம் போவதில்லை. நிறுத்த இடம் கிடையாது.

வேலு அந்தக் கம்பெனியில் லோரி ஓட்டித்தான் தலை நரைத்தான். அவன் மனைவி தனலெட்சுமி, பாயான் பாரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே இளமையைக் கழித்தவள். அவன் விடியுமுன் கிளம்புவான். அவள் நைட் ஷிப்ட் முடிந்து வருவாள். ஃபிளாட்டின் லிப்ட்டில் பார்த்துக்கொண்டால் அதுவே குடித்தனம். ரிட்டையர் ஆனதும் சேர்ந்து எங்கேயாவது போகலாம் என்று ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் கடன் சொல்லி வைத்திருந்தார்கள்.

அதற்குள் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ‘ம்’ என்கிற ஒரே ஒலிதான் மிஞ்சியது. அதையே ஏற்றியும் இறக்கியும் இழுத்தும் பசி, கோபம், கேலி எல்லாவற்றையும் அவள் சொல்லிவிடுவாள். பகலில் பக்கத்து வீட்டு காமாரியா அக்கா வந்து சோறூட்டி, முகம் துடைத்து, ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். ஜன்னலுக்கு வெளியே எதிர் ஃபிளாட்டின் ஜன்னல்கள். வேறொன்றும் இல்லை.

லோரியில் வெளியாளை ஏற்றக்கூடாது என்பது கம்பெனியின் சட்டம். அதனால் வேலு அவளைப் போன் வழியாக ஏற்றினான்.

காலையில் லோரியைக் கிளப்பும் முன்பு வீடியோ கால் போட்டு, போனை டேஷ்போர்டில், திரை ரோட்டைப் பார்க்க நிறுத்திவிடுவான். வீட்டில் காமாரியா அக்கா மைலோ டின்னில் சாய்த்து வைத்த இன்னொரு போனில் தனம் ரோட்டைப் பார்ப்பாள். அவன் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகமும் அவனுக்குத் தெரியாது. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான். அவள் அதே ரோட்டைப் பார்ப்பாள். நடுவில் பேச்சு.

“பாலம் வந்துருச்சு தனம். கடல் இன்னிக்கி சேறு மாரி கெடக்கு.”

“ம்ம்.”

“முன்னால போற மோட்டர்காரனப் பாரு. ஹெல்மெட்ட முழங்கைல மாட்டியிருக்கான். தலைய எங்க மாட்டுவான்?”

“ம்! ம்!”

அது சிரிப்பு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர்கள் சேர்ந்திருந்த பொழுதையெல்லாம் கூட்டினாலும், அந்த முதல் மாதம் லோரியில் இருந்த அளவுக்கு வராது.

தொல்லை சார்ஜில் வந்தது. போனில் கம்பெனியின் ஆப் காலையிலிருந்து மாலைவரை ஓட வேண்டும். லோரி எங்கே நிற்கிறது, எந்தப் பெட்டி எங்கே இறங்கியது எல்லாம் அதற்குத் தெரிய வேண்டும். அதன் மேல் வீடியோ கால். லோரியில் இருந்த சார்ஜ் பாயிண்ட் ஒரு பங்கு ஏற்றுவதற்குள் போன் மூன்று பங்கைத் தின்றுவிடும். பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அணைந்துபோகும். போன் அணைந்தால் லோரி காணாமல்போனதாகக் கருதப்படும் என்பது கம்பெனியின் இன்னொரு சட்டம். பவர் பேங்க் வைக்கலாமென்றால், அது தீப்பிடிக்கும் பொருள் என்று மூன்றாவது சட்டம்.

ஒருநாள் சாயங்காலம் லோரியோடு திரும்பி வந்தவனைக் கிடங்கு வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா மறித்தான்.

“உள்ள விட முடியாது அண்ணே. சிஸ்டத்துல இந்த லோரி காணோம்.”

“முன்னாலதானே நிக்குது?”

“நிக்குது லா. ஆனா காணோம். நீங்க கண்டுபிடிச்சதா ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க.”

வேலு தன்னைத் தானே கண்டுபிடித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அங்கே காமாரியா அக்கா தட்டும் கையுமாக நின்றிருந்தார்.

“தம்பி, மத்தியானத்துலேருந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. ஒரு வாய் வாங்கல. போன எடுத்து வைக்கவும் விட மாட்டேங்குது.”

அந்த வாரமே வேலு மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் நூர் முகம்மது நானாவிடம் போனான். நானா டேஷ்போர்டைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது சார்ஜ் பாயிண்ட் இல்ல வேலு. போனுக்கு ஆறுதல் சொல்ற பாயிண்ட். பின்னாடி வயரப் பாரு, மசுரு மாரி இருக்கு.”

“வேகமா ஏத்துறது இருக்கா நானா?”

“இருக்கு. லோரி கரண்டுக்குன்னே வர்றது. அதே ஓட்டைல ஒக்காரும். ஒரு கீறல் விழாது. ஃபியூஸ் பெட்டிலேருந்து தனியா வயர் இழுத்து, தனி ஃபியூஸ் போட்டுத் தர்றேன். அறுவது வெள்ளி. பொஞ்சாதிக்குன்னு சொல்ற, அம்பது குடு.”

பழைய பாயிண்டை அவர் இரும்புச் சாமான் பீப்பாயில் போட்டார். புதியதில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது.

மறுநாள் போன் அணையவில்லை. அதற்கடுத்த நாளும் அணையவில்லை. தனம் பகல் முழுக்க லோரியில் இருந்தாள். பாலிக் புலாவ் மலைவளைவுகளில் ஏறும்போது மரங்கள் ரோட்டுக்கு மேலே கூடிக்கொள்ளும் இடத்தில் அவள் நீளமாக ஒரு ‘ம்’ சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வேலுவுக்கு முதல் தடவையாகப் புரியவில்லை. லோரியை ஓரமாக நிறுத்தி, போனை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான். “போலாமா?” என்று கேட்டான். “ம்” என்றாள்.

டுரியான் பழக் காலம் முடிகிறவரை இப்படிப் போயிற்று. பிறகு வாகனத் தூய்மை வாரம் வந்தது.

வாகன ஒழுங்குப் பிரிவிலிருந்து தனேஷ் என்கிற இளைஞர் வெள்ளைக் கையுறையோடு கிடங்குக்கு வந்தார். டயர் தேய்ந்த லோரிகளைக் கடந்து போனார். பிரேக் கத்துகிற லோரியைக் கடந்து போனார். வேலுவின் லோரியில் தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்த லைட் ஏன் நீலமா இருக்கு?”

“வேகமா ஏறுது தம்பி. அதான் நீலம்.”

“பச்சையா இருக்கணும் அங்கிள். மேனுவல்ல பச்சை.”

அவர் ஸ்கேல் வைத்து அளந்தார். படம் எடுத்தார். ஓட்டையின் அளவு அப்படியே இருப்பதைக் கண்டு இன்னும் கவலைப்பட்டார்.

விசாரணைக்கு வேலு டவுனுக்கு வரவழைக்கப்பட்டான். நீளமான மேசை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் மேசையிலேயே சார்ஜ் பாயிண்ட். ஒவ்வொன்றிலும் ஒரு போன், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நீல விளக்கு. நடுவில் பிரிவுத் தலைவர் ராமதாஸ் அமர்ந்திருந்தார். நல்ல மனிதர். வேலுவுக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“ஒரிஜினல் பாயிண்ட் வேல செஞ்சுதா இல்லியா?”

“செஞ்சுது சார். ரொம்ப மெதுவா.”

“மெதுவா இருக்கிறது பழுது இல்ல வேலு. நம்ம கம்பெனில மெதுவா இருக்கிறது ஒரு தரம். என்னையே எடுத்துக்குங்க. இந்த நாற்காலிக்கு வர எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. நான் யாரையாவது வச்சு வேற வயர் இழுத்துக்கிட்டேனா?”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

“போன் அணைஞ்சா ஆப்பரேஷன்ல ஃபைன் போடுறாங்க சார்.”

“அது ஆப்பரேஷன் பிரிவு. போன் சாகக் கூடாதுங்கறது அவங்க பொறுப்பு. போன் எதனால உயிரோட இருக்குதுங்கறது எங்க பொறுப்பு. ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது.” ராமதாஸ் முன்னால் சாய்ந்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “நீங்க இத மோசமாப் பண்ணியிருந்தாக்கூட ரிப்பேர்னு எழுதி முடிச்சிருப்பேன். அழகாப் பண்ணிட்டீங்க. ஒரு கீறல் இல்ல. அதான் பிரச்ன. அழகாப் பண்ணா அதுக்குப் பேரு மாற்றம்.”

வேலு கையைக் கட்டிக்கொண்டு தனத்தைப் பற்றிச் சொன்னான். ஸ்ட்ரோக், ஜன்னல், கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னான். ஒரு அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு,” என்றார் ராமதாஸ். “தனேஷ், எழுதிக்குங்க. மனசுக்குக் கஷ்டமா இருந்தது, கமிட்டி முழுக்க. எழுதியாச்சா? சரி. ஒரிஜினல் நிலைக்குத் திருப்பணும்.”

“அனுமதி கேட்டு எழுதிக் குடுத்தா போட்டுக்கலாமா சார்?”

“தாராளமா. ஃபாரம் இருக்கு. கம்பெனிக்குக் கடன் இல்லாத டிரைவர் யாரும் கேக்கலாம்.”

“எனக்குக் கடன் இல்லியே சார்.”

“இப்ப இருக்கு,” என்றார் தனேஷ். அப்போதுதான் அந்த நாற்பத்தேழு வெள்ளி அறுபது காசு பிறந்தது.

வேலு உடனே சட்டைப் பையில் கையை விட்டான். ராமதாஸ் பதறிப்போய்த் தடுத்தார்.

“இப்ப கட்ட முடியாது. பில் வரணும். பார்ட் பொருத்துனாத்தான் பில் வரும். பார்ட் வெளிநாட்டுலேருந்து வரணும். பழச எங்கியோ போட்டுட்டீங்களே.”

“வர எத்தன நாள் ஆகும்?”

“கப்பல்ல வருது,” என்றார் தனேஷ், அதுவே ஒரு பதில் மாதிரி.

அன்றைக்கே நீல விளக்கைப் பிடுங்கினார்கள். இருந்த இடத்தில் சிவப்பு டேப் ஒட்டி, மேலே முத்திரை வைத்தார்கள். முன்பாவது மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. இப்போது ஓட்டைதான் இருந்தது, அதுவும் மூடிய ஓட்டை.

வேலு போனைக் கஞ்சத்தனமாகச் செலவு செய்யப் பழகினான். ஆப்பை மட்டும் நாள் முழுக்க ஓடவிட்டான். தனத்தைக் கொஞ்ச நேரம்தான் ஏற்றினான். பாலத்தில் ஏற்றி, தீவுப் பக்கம் வந்ததும் இறக்கிவிடுவான். “இரு தனம், சாயங்காலம் பாக்கலாம்” என்று சொல்லிப் போனை வெட்டும்போது அவள் ‘ம்’ சொல்வதற்குள் வெட்டிவிடுவான். சொன்னால் வெட்ட முடியாது.

பாலிக் புலாவுக்கு லோரி போவது பிற்பகலில். அதை அவள் அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

அவன் ஒவ்வொரு வாரமும் கேட்டான். கப்பல் கிளம்பியிருந்தது. கப்பல் வந்திருந்தது. வந்த பார்ட் வேறு லோரியுடையதாக இருந்தது. திருப்பி அனுப்பினார்கள், அதுவும் கப்பலில். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ராமதாஸின் மேசை முன்னால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“இதப் புடிச்சுக்கிட்டு கேஸ முடிச்சிருங்க சார். கெஞ்சிக் கேக்குறேன்.”

“வேலு, உங்களுக்கு ஒண்ணு புரியல,” என்றார் ராமதாஸ் கனிவாக. “இந்தக் கடன் உங்க மேல இல்ல. உங்க பேர்ல இருக்கு. அவ்ளோதான்.”

ஆண்டு முடிவில் குடும்ப தினம் வந்தது. கிடங்கில் பந்தல் போட்டு, பீஹூன் நூடுல்ஸ் பொரித்து, பலூன் கட்டி, ‘உங்கள் குடும்பமே எங்கள் குடும்பம்’ என்று துணி கட்டியிருந்தார்கள். அன்று ஒருநாள் மட்டும் டிரைவர்களின் குடும்பத்தார் லோரியில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் அதற்கு விலக்குத் தந்திருந்தது, லோரி ஓடாமல் இருக்கும் பட்சத்தில்.

வேலு வேன் பிடித்து, தனத்தைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்தான். கூட காமாரியா அக்காவும் வந்தார். தனத்துக்கு நல்ல சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டிருந்தார். வேலு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்த் தன் லோரிக்கு முன்னால் நிறுத்தினான். தினமும் அவன் ஓட்டுகிற லோரியைச் சுற்றி அன்று மட்டும் மஞ்சள் டேப் கட்டியிருந்தது. விசாரணையில் உள்ள வாகனம், நெருங்கக் கூடாது.

“இதான் தனம்,” என்றான்.

தனம் லோரியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு பந்தல் பக்கம் எங்கோ பார்த்தாள்.

“ம்?”

அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அத்தனை மாதங்களும் அவள் அதற்குள்ளே இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்று அதை அவள் பார்த்ததேயில்லை.

“பக்கத்துல கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க தம்பி,” என்றார் காமாரியா அக்கா.

“டேப்ப தாண்டக் கூடாது லா ஆன்ட்டி,” என்றார் தனேஷ். “வேற லோரில ஒக்கார வைக்கலாமே? எல்லாம் ஒரே மாடல்தான்.”

நாலு பேர் சேர்ந்து அவளை வேறு ஒரு லோரியில் தூக்கி வைத்தார்கள். அது கிடங்குச் சுவரைப் பார்த்து நின்றது. தனம் நேராக உட்கார்ந்துகொண்டாள். இடது கையால் சேலையைச் சரிசெய்தாள். கண்ணாடி வழியாகச் சுவரையே பார்த்தாள். வேலு டிரைவர் இருக்கையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரெண்டு பேரும் லோரியில் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல்.

அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் பக்கம் திரும்பி, “ம்” என்றாள். எப்போது கிளம்புவது என்று கேட்டாள்.

வேலுவின் கை தானாகச் சாவி இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிற்று. சாவி ஆபீசில் இருந்தது.

“ரெண்டு பேரும் இப்படி! சிரிங்க!” என்று வெளியிலிருந்து ராமதாஸ் கூப்பிட்டார். அந்தப் படம் நன்றாக வந்தது. கம்பெனியின் நாட்காட்டியில் ஆகஸ்ட் மாதத்துக்குப் போட்டார்கள்.

நாட்காட்டி அச்சாகி வருமுன் தனம் இறந்துபோனாள். இரண்டாவது ஸ்ட்ரோக். ஞாயிற்றுக்கிழமை, வேலு வீட்டில் இருந்தான், அவள் தலை அவன் மடியில் இருந்தது. போன் சுவரில் மாட்டி முழுக்க ஏறிக் கிடந்தது. அதனால் அவள் சாவுக்கும் சார்ஜ் பாயிண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பவம் வேலை நேரத்துக்கு வெளியே நடந்தது என்று வாகன ஒழுங்குப் பிரிவும் குறித்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து மலர் வளையம் வந்தது. கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்ததால் அவள் பெயருக்கு இடம் போதவில்லை. ‘திருமதி வேலு’ என்று போட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று வேலுவை டவுனுக்குக் கூப்பிட்டார்கள். ராமதாஸ் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“ஒரு நல்ல செய்தி வேலு. எல்லா லோரிலயும் வேகமான பாயிண்ட் போடச் சொல்லி மேலிடத்துலேருந்து சர்குலர் வந்திருக்கு. போன் சாகவே கூடாதுன்னு ஆப்பரேஷன்ல அழுத்தம். உங்க லோரிலயும் போட்டாச்சு. இனிமே நீலந்தான் ஒரிஜினல். யோசிச்சுப் பாத்தா நீங்கதான் இதுக்கு முன்னோடி.”

வேலு தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

“எப்ப முடிவு பண்ணாங்க சார்?”

ராமதாஸ் தனேஷைப் பார்த்தார். தனேஷ் கணினியைப் பார்த்தார்.

“மீட்டிங்... குடும்ப தினத்துக்கு முந்துன வாரம், அங்கிள். சர்குலர் வர லேட்டாயிருச்சு. புது லெட்டர்ஹெட் அடிக்கக் குடுத்திருந்தாங்க.”

ராமதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆக, பழைய பார்ட் தேவையில்ல. பார்ட் இல்லன்னா பில் இல்ல. உங்க துக்கத்தையும் கமிட்டி மனசுல வச்சு, அந்த நாப்பத்தேழு வெள்ளி அறுவது காச கம்பெனி தள்ளுபடி பண்ணுது. உங்க பேர் சுத்தமாயிரும்.”

வேலு சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தான். சில்லறையோடு சேர்த்து மடித்து வைத்திருந்தான்.

“தள்ளுபடி வேணாம் சார். கட்டிடுறேன்.”

“வேணாம்ங்கறேனே. அதான் விட்டுட்டோமே.”

“அந்தப் பாயிண்ட அவளுக்காகப் போட்டேன் சார். அது தப்புன்னு நீங்கதான் சொன்னீங்க. தப்பு என்னோடதாவே இருக்கட்டும். அவ பாத்த ரோட்டுக்கு உண்டான காச நான் குடுத்ததா இருக்கணும். கம்பெனி விட்டுக் குடுத்ததா இருக்கக் கூடாது.”

ராமதாஸ் பணத்தைப் பார்த்தார். கை அதை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நின்றுகொண்டது.

“அண்ணே,” என்றார் மெதுவாக. “வாங்கிக்க வழி இல்லண்ணே. கடன் இருந்தாத்தானே சிஸ்டம் வாங்கும்?”

தனேஷ் ஒரு பொத்தானைத் தட்டினார். தள்ளுபடிக்குக் காரணம் என்ன என்று கணினி கேட்டது. அது கொடுத்த காரணங்களின் வரிசையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, ‘மற்றவை’ என்று இருந்ததைத் தட்டினார். திரையைத் திருப்பி வேலுவிடம் காட்டினார். அவன் பெயருக்கு நேரே சைபர் இருந்தது.

வேலு பணத்தைத் திரும்ப மடித்தான். ஒரு பத்துக் காசு கீழே விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடி எடுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். கம்பெனிக்கு அவன் தர வேண்டியது இனி எதுவும் இல்லை.